"இன்டர்நேஷனல் டை-அப்" காலேஜுக்குக் கூடுதல் ஃபீஸ் கட்டலாமா?

திண்டிவனம் – திருவண்ணாமலை ரோட்டுல செஞ்சி வழியாப் போறவங்க கண்ணுல ரெண்டு விஷயம் தப்பாது. ஒண்ணு, ராஜகிரிக் கோட்டை. இன்னொண்ணு, பிளஸ் டூ ரிசல்ட் சமயத்துல முளைக்கிற காலேஜ் பேனர்கள். "இன்டர்நேஷனல் டை-அப்" என்ற வரி இல்லாத பேனரைத் தேடித்தான் பிடிக்கணும்.

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. மராட்டியர் கோட்டைகள் 12 கொண்ட பட்டியலில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். முந்தின வருஷமே வெளிநாட்டு நிபுணர் நேரில் வந்து ஆய்வு செய்துவிட்டுப் போனார். அதாவது, வெளியாள் வந்து சோதித்துக் கொடுத்த அங்கீகாரம். பேனரில் இருக்கும் டை-அப்பை யார் சோதித்தார்கள்?

பெரும்பாலும் அது ஒரு எம்.ஓ.யூ., புரிந்துணர்வு ஒப்பந்தம். சேர்ந்து செயல்பட விருப்பம் என்று இரண்டு பேர் போடும் கையெழுத்து, அவ்வளவுதான். க்யூ.எஸ். உலகத் தரவரிசையில் சர்வதேச ஆராய்ச்சித் தொடர்புக்கு 5% மதிப்பெண் உண்டு. அங்கேயும் வெளிநாட்டவரோடு சேர்ந்து எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைத்தான் எண்ணுவார்கள். போட்டோ எடுத்துக்கொண்ட ஒப்பந்தங்களை இல்லை.

நிஜமான கூட்டு எப்படி இருக்கும்னு பார்க்க சென்னைக்குப் போனா போதும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 1959-ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு தொடங்கியது. ஜெர்மன் பேராசிரியர்கள் இங்கே வந்து பாடம் நடத்தினார்கள், ஆய்வகக் கருவிகள் வந்தன, நம்ம ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுத்தார்கள். அதே நிறுவனம் 2023-ல் ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபாரில் சொந்த வளாகமே திறந்தது. நடுவில் 64 வருஷம்! மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பித்த காலேஜ் "உலகத்தரம்" என்றால், நான் சிரிச்சுட்டுத் தாண்டிப் போயிடுவேன்.

இப்போ காசுக்கு வருவோம். டை-அப்புக்காக வருஷத்துக்கு 1.5 லட்சம் கூடுதல்னு வைங்க. நாலு வருஷத்துக்கு 6 லட்சம். அதை 10% வட்டியில், 7 வருஷத் தவணையில் கடனாக வாங்கினால் இ.எம்.ஐ. கிட்டத்தட்ட 10,000 ரூபாய். வட்டி மட்டுமே 2.3 லட்சத்துக்கு மேல். மல்லாட்டை வித்துச் சேர்த்த காசு இது.

அதனால அட்மிஷன் கவுண்டர்ல ஒரே கேள்வி கேளுங்க: "இது ட்வின்னிங்கா, ஜாயின்ட் டிகிரியா, டூயல் டிகிரியா?" யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் இந்த மூணுதான் இருக்கு. ட்வின்னிங் என்றால் வெளிநாட்டில் 30% கிரெடிட் வரைதான் படிக்கலாம். பட்டம் இந்தியக் கல்லூரியுடையது மட்டுமே. ஜாயின்ட் என்றால் ஒரே சான்றிதழில் ரெண்டு பேர் முத்திரையும் இருக்கும். டூயல் என்றால் ரெண்டு பேரும் தனித்தனியாகப் பட்டம் கொடுப்பார்கள். வெளிநாட்டுப் பல்கலையின் பெயரை மட்டும் வாடகைக்கு எடுக்கும் ஃப்ரான்சைஸ் முறைக்கு அனுமதியே கிடையாது.

"மூணும் இல்லைங்க, எம்.ஓ.யூ. இருக்கு" என்று பதில் வந்தால், அந்த 1.5 லட்சத்தைக் குறைச்சுக் கேளுங்க. குறைக்கலைன்னா, அதே பாடம் டை-அப் இல்லாத காலேஜ்லயும் இருக்கு. போன வருஷம் எத்தனை பசங்க நிஜமாவே வெளிநாடு போனாங்க, விமான டிக்கெட்டும் தங்குற செலவும் யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கோங்க. வாயால சொன்னதை பேங்க் மேனேஜர் ஏத்துக்க மாட்டார்.