மருந்தின் மூன்றாவது கணக்கு

கறவைப் பசுவுக்கு மடிவீக்கம் கண்டால் குடியானவரின் பால் வருமானம் அன்றே குன்றிவிடுகிறது. கால்நடை மருத்துவர் மடியினுள் செலுத்தும் குளாக்ஸாஸிலின் போன்ற கிருமிநாசினி மருந்துகள் அநேகம் பசுக்களைக் காப்பாற்றியிருக்கின்றன; அவற்றின் அருமையை மறுப்பார் எவருமிலர். ஆயினும், மருந்து நோயைத் தீர்க்குமா, அதன் விலை என்ன என்னும் இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அது எவ்வாறு உண்டாக்கப்பட்டது, உண்டாக்கிய இடத்தில் எதை விட்டுச் சென்றது என்னும் மூன்றாவது கேள்வியும் கேட்கப்படுதல் வேண்டும். கேளாவிடில், அதற்குரிய விலையை எங்கோ உள்ள மற்றொரு குடியானவர் தம் கிணற்றாலும் நிலத்தாலும் செலுத்த நேரிடும்.

இது வீண் அச்சமன்று. ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டன்செருவில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்தி செய்யும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் சோதித்து, 2007-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சுத்தி செய்த பின்னரும் அந்நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை ஸிப்ரோபிளாக்ஸாஸின் இருந்தது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணும் அளவினும் இது மிகுதி. இத்தகைய நீரில் மாளாது தப்பும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாகிப் பெருகும். பின்னர் அவை மனிதரையோ கால்நடையையோ பற்றினால் அதே மருந்து பயனற்றுப் போகும்.

கழிவின் அளவும் சிறிதன்று. ரோஜர் ஷெல்டன் என்னும் ரசாயன அறிஞர் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, மருந்துத் தொழிலில் ஒரு கிலோ சரக்குக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு உண்டாயிற்று.

இதைத் திருத்துதல் இயலும் என்பதற்குப் பென்ஸிலின் வர்க்கமே சான்று. பூஞ்சணத்தினின்று கிடைக்கும் பென்ஸிலினின் பக்கக்கிளையை நீக்கி, எஞ்சிய நடுப்பாகத்தில் வேறொரு கிளையைச் சேர்த்தால் ஆம்பிஸிலின், குளாக்ஸாஸிலின் முதலியன உண்டாகின்றன. தோட்டத்தில் ஒட்டுக் கட்டுவதைப் போன்றதே இவ்வேலை. முன்னர்க் கிளையை நீக்குவதற்குப் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, டைகுளோரோமீத்தேன் முதலிய கொடிய பொருள்கள் ஏராளமாகச் செலவாயின. பூஜ்யத்துக்குக் கீழ் 40 டிகிரி ஸென்டிகிரேடு வரை குளிரும் வேண்டியிருந்தது. இப்பொழுது நுண்ணுயிரினின்று பெறும் பென்ஸிலின் அஸைலேஸ் என்னும் நொதி அதே வேலையை நீரிலேயே, உடற்சூட்டுக்கு மேற்படாத வெப்பத்தில் செய்து முடிக்கிறது. சிறு மணிகளில் பிணைத்து வைத்த இந்நொதியை வடித்தெடுத்துப் பன்முறை உபயோகிக்கலாம். தொழிற்சாலைகள் இம்முறையைக் கைக்கொண்டது தர்மசிந்தையால் மட்டுமன்று. செலவு குறைந்ததும் காரணமாகும். ஆகவே, சுத்தமான முறை நஷ்டத்தையே தரும் என்ற வாதம் எங்கும் பொருந்துவதன்று.

பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1998-ஆம் ஆண்டில் பசுமை ரசாயனத்துக்கு 12 விதிகளை வகுத்தனர். கழிவை உண்டாக்கிவிட்டுப் பின் சுத்தி செய்வதினும், உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பது அவற்றுள் முதலாவது. வெள்ளம் வருமுன் அணை கோலும் குடியானவருக்கு இது புதிய பாடமன்று.

ஆனால், பசுமை என்னும் பெயர் ஒன்றே போதாது. நீரில் செய்த மருந்தாயினும், அதன் மிச்சம் ஓடையில் கலந்தால் கிருமிகள் அடங்காத் தன்மை பெறும் தீங்கு நீங்காது. கொடிய கரைப்பான்களைக் குறைப்பதும், மருந்தின் மிச்சத்தை ஆலைக்குள்ளேயே அழிப்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

மருந்தை மொத்தமாக வாங்கும் அரசாங்க இலாகாக்களும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் விலைப்பட்டியலுடன் கழிவுக் கணக்கையும் கேட்டு வாங்குவது நலம். வாங்குவோர் கேளாதவரை விற்போர் சொல்லார். குடியானவரும் தொழுவத்தையும் கறப்போர் கையையும் சுத்தமாக வைத்து, மருத்துவர் சொல்லாமல் மருந்திடுவதைத் தவிர்த்தால், மருந்தின் தேவையே குறையும். ஒரு பசுவைக் காக்கும் மருந்து மற்றோர் ஊரின் கிணற்றைக் கெடுக்குமாயின், அதை முழு நன்மையென்று கொள்ளுதல் தகாது.