அந்த ஒரு செலவை முதல்ல எழுதுங்க

நீளமான இழை. வெளிநாட்டுல இருக்கற பிள்ளைங்க வீட்டுக்கு மூணு மாசம் போகப்போற அப்பா அம்மாக்களுக்கும், அவங்களை வரவழைக்கற பிள்ளைகளுக்கும் சேர்த்துதான் எழுதறேன். டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

மார்ச், ஏப்ரல் வந்தா முத்தியால்பேட்டையில என் க்ளினிக்குக்கு ஒரு தனி ரகக் கூட்டம் வரும். காய்ச்சல் கிடையாது, இருமல் கிடையாது. "டாக்டர், பிரான்ஸ் போறோம், மூணு மாசத்துக்கு மாத்திரை எழுதிக் குடுங்க."

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வரி. 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்கிட்ட குடும்பங்கள் இங்க நிறைய. பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க வீட்டை சொல்தா வீடுன்னு சொல்லுவோம். அப்படிப்பட்ட வீடுகள்ல பெண் கொடுத்து பெண் எடுத்து, இன்னிக்குப் பாரீஸைச் சுத்தி எங்க ஊர்ப் பிள்ளைங்க எத்தனையோ பேர். அப்பா அம்மாவுக்கு மட்டும் இந்திய பாஸ்போர்ட். ஷெங்கன் விசாவுல 180 நாள்ல 90 நாள்தான் தங்க முடியும். அதனால எல்லாருக்கும் அதே மூணு மாசம், அதே 23 கிலோ பெட்டி.

போன வருஷம் போயிட்டு வந்த ஒரு அம்மாவைப் பத்தி சொல்றேன். 67 வயசு, சுகர் 15 வருஷமா, ரெண்டு முட்டியிலயும் தேய்மானம். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்கு ஒரு வருஷமும் தவறாதவங்க. சீட்டை வாங்கிக்கிட்டு கிளம்பும்போது சொன்னாங்க: "அந்த லூர்து ஊரை மட்டும் பார்த்துட்டா போதும் டாக்டர்."

88 நாள் கழிச்சு வந்தாங்க. "லூர்து எப்படிம்மா இருந்துச்சு?"

"போகல டாக்டர். ரெண்டு பேருக்கு ரயில், ரூமு எல்லாம் சேர்த்து 55 ஆயிரம் ஆகும்போல. அவ்ளோ காசு எதுக்கு? அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்."

சொல்லிக்கிட்டே என் மேஜை மேல சாக்லேட் டப்பா ஒண்ணை வெச்சாங்க. பேச்சு வாக்குல பெட்டியில என்னென்ன வந்துச்சுன்னு கேட்டேன். சாக்லேட் 9 கிலோ, சென்ட் பாட்டில் 14, சோப்பு, நாத்தனார் மருமகளுக்குக் கைப்பை. மனசுக்குள்ள கூட்டிப் பார்த்தேன். லூர்து போயிட்டு வந்து மிச்சமும் இருந்திருக்கும்.

இந்த ஜனவரியில அவங்களுக்குப் பக்கவாதம். இப்போ கோல் ஊன்றி நடக்கறாங்க. அடுத்த வாட்டி உண்டான்னு கேட்டா ஒரு டாக்டரா எனக்கு பதில் சொல்ல வரல. அந்த சாக்லேட்டை அன்னிக்கே ஸ்டாஃபுக்குக் குடுத்துட்டேன். எனக்கு சாப்பிடப் பிடிக்கல.

அவங்க மேல தப்பு சொல்லல. வெறுங்கையோட ஊர் திரும்பினா தெருவுல என்ன பேச்சு வரும்னு நமக்கெல்லாம் தெரியும். இந்த மாதிரி பல பேரைப் பார்த்ததுல எனக்குப் புரிஞ்சது இதுதான். அஞ்சு யூரோ, எட்டு யூரோன்னு சில்லறையா போற காசு யார் கண்ணையும் உறுத்தாது. 55 ஆயிரம்னு மொத்தமா நிக்கற செலவு மட்டும் உறுத்தும். அதை வேற கடைசி வாரத்துல, கையில மிச்சம் இருந்தா பார்க்கலாம்னு வெச்சிருப்போம். கடைசி வாரத்துல யார் கையிலயும் மிச்சம் இருக்காது.

அதனால பயணத்துக்கு பட்ஜெட் போடும்போது, டிக்கெட் விலைக்கு முன்னாடி, பேப்பர்ல முதல் வரியா அந்த ஆசையை எழுதுங்க. பேரையும் தொகையையும் சேர்த்து எழுதுங்க. 'சுத்திப் பார்க்க'ன்னு பொதுவா எழுதினா அது சாக்லேட்டா மாறிடும். லூர்துன்னா லூர்து. ராத்திரி செய்ன் ஆத்துல படகுன்னா படகு. போய் இறங்கின முதல் மாசத்துலயே அதை முடிச்சுடுங்க. மூணாவது மாசம் கால் வீங்கும், பேரனுக்குப் பரீட்சை வரும், மருமகனுக்கு லீவு கிடைக்காது.

ஒண்ணே ஒண்ணு போதும். அஞ்சு ஊரு, ஏழு நாடுன்னு பஸ்ஸுல அடைச்சுக் கூட்டிட்டுப் போற டூர் எழுபது வயசுக்காரங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஐஃபல் கோபுரத்து மேல உட்கார்ந்து சாப்பிடறதும் எனக்கு வீண் செலவாத்தான் படுது. எதிர்க்க த்ரொகதேரோ மேட்டுல உட்கார்ந்தா, இருட்டினப்புறம் மணிக்கு ஒரு வாட்டி அஞ்சு நிமிஷம் கோபுரம் முழுக்க மினுக்கும், காசே கிடையாது. ஆனா உங்க ஆசை மேல ஏறறதுதான்னா ஏறுங்க. ஆசை உங்களோடது, நான் யாரு.

இப்போ இதுக்கு நேர் எதிரான கதை. எதுக்குமே செலவு பண்ணாதவங்க.

"காபி 3 யூரோவா? 300 ரூபாயா?" (யூரோவை 100 ரூபாய்னு கணக்கு வெச்சுக்கறேன், கையில கணக்கு போட சுலபம்.) இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு மூணு மாசமும் மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். அதுல முதல்ல அடிபடறது தண்ணி. வெளிய போனா டாய்லெட் எங்க இருக்குன்னு தெரியாது, சில இடத்துல காசு கேப்பாங்க, அதனால காலையில இருந்து பொம்பளைங்க தண்ணியே குடிக்கறது இல்ல. பிபிக்கு நீர் பிரியற மாத்திரை வேற போட்டிருப்பாங்க. விளைவு சிறுநீர்த் தொற்று, தலைசுத்தல், சில பேருக்கு மயக்கம். ஊர் திரும்பி வர்றவங்ககிட்ட நான் வழக்கமாப் பார்க்கற பிரச்சினை இது.

பாரீஸ் தெருவுல மாநகராட்சி வெச்சிருக்கற தானியங்கி டாய்லெட்டுகள் இலவசம், இது பல பேருக்குத் தெரியாது. இன்னொண்ணு, அந்த 3 யூரோவுக்கு நீங்க வாங்கறது காபி மட்டும் இல்ல. அரை மணி நேரம் காலுக்கு ஓய்வு, கேட்டா ஒரு டம்ளர் தண்ணி, உள்ளேயே டாய்லெட், அதோட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போற ஊரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கற சுகம். முட்டி வலிக்காரருக்கு இதைவிட மலிவான வைத்தியம் என்கிட்ட இல்ல. வாரத்துக்கு நாலு நாள் வெளிய போறீங்கன்னா 13 வாரத்துக்கு 52 காபி. ரெண்டு பேருக்கு 312 யூரோ, அதாவது 31,200 ரூபாய். முன்கூட்டியே ஒதுக்கிட்டா அங்க போய் பெருக்க வேண்டியது இல்ல.

சில செலவை ஆடம்பரம்னு நினைச்சு வெட்டிடறாங்க. அங்கதான் எனக்குக் கோபம் வருது.

முதல்ல இன்சூரன்ஸ். விசாவுக்குக் குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். உடனே இருக்கறதிலயே மலிவான பாலிசியை, விசா பேப்பரோட வைக்கறதுக்குன்னே எடுப்பாங்க. சாதாரண பாலிசி பலதுல ஏற்கனவே இருக்கற சுகர், பிபி, இதய நோயால வர்ற செலவு சேராது. சேர்ந்தாலும் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும். என் நோயாளி ஒருத்தருக்கு ஏஜென்ட் ஃபார்ம்ல 'சர்க்கரை நோய் இல்லை'ன்னு டிக் பண்ணிட்டார், பிரீமியம் குறையும்னு. அங்க போய் புது ஷூ கடிச்சு, கால்ல புண்ணாகி, சீழ் வெச்சு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. க்ளெய்ம் மறுத்துட்டாங்க. பையன் இன்னும் தவணை கட்டிக்கிட்டு இருக்கான். உண்மையை எழுதுங்க, ஏற்கனவே இருக்கற நோயையும் சேர்க்கற பாலிசியா கேட்டு, கூடுதல் காசு குடுத்து எடுங்க.

அப்புறம் ஷூ. இங்க ஒரு நாளைக்கு 2,000 அடி நடக்கறவர் அங்க மெட்ரோ, படிக்கட்டுன்னு 10,000 அடி நடப்பார். சுகரால கால் மரத்துப் போனவருக்குக் கொப்புளம் வந்தது கூடத் தெரியாது. நல்ல ஷூவா, விரலுக்கு இடம் விட்டு வாங்கி, கிளம்பறதுக்கு ஆறு வாரம் முன்னாடியே போட்டுப் பழகுங்க. தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாருங்க. குளிர் காலத்துல மரத்துப் போன காலை ஹீட்டர் பக்கத்துல நீட்டாதீங்க, வெந்து போனாலும் தெரியாது.

விமானம். வளைகுடா வழியா மாறிப் போற டிக்கெட்டுல 8,000 ரூபாய் மிச்சம்னு 11 மணி நேரம் ஏர்போர்ட் நாற்காலியில உட்கார வைக்காதீங்க. நடைபாதை ஓரத்து சீட்டுக்குக் காசு கேட்டா குடுத்துடுங்க, எழுந்து நடக்கத்தான் அது. 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்தா கால் நரம்புல ரத்தம் உறையற வாய்ப்பு ரெண்டு மடங்கு ஆகும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு 2007ல் சொன்னது. பயப்படாதீங்க, ரெண்டு மடங்கானாலும் சுமார் 6,000 பேருக்கு ஒருத்தர்தான். ஆனா சமீபத்துல ஆபரேஷன், புற்றுநோய், முன்னாடியே ரத்தம் உறைஞ்ச வரலாறு இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைப் பாருங்க, சாக்ஸ் போடணுமா, ஊசி வேணுமான்னு அவர் முடிவு பண்ணுவார். நீங்களா ஆஸ்பிரின் போடாதீங்க. வீல்சேர் இலவசம், 48 மணி நேரத்துக்கு முன்னாடி ஏர்லைன்ல சொல்லிடணும். "எனக்கென்ன வயசாயிடுச்சா"ன்னு வீம்பு வேண்டாம். வீல்சேர்ல போனா இமிக்ரேஷன் வரிசையும் பெரும்பாலும் மிச்சம்.

மாத்திரை 90 நாளுக்குன்னு இல்ல, 100 நாளுக்கு எடுங்க, எல்லாம் கைப்பையில. இன்சுலினை லக்கேஜ்ல போட்டா உறைஞ்சு வீணாகலாம். சீட்டுல கம்பெனிப் பேரோட மருந்தோட மூலப்பேரும் இருக்கணும், அங்க நம்ம கம்பெனிப் பேர் பலதும் தெரியாது. பல் வலி இருந்தா இங்கயே முடிச்சுட்டுக் கிளம்புங்க. அங்க அவசரம்னா 15 இல்ல 112. சாதாரணக் காய்ச்சலுக்கு ஒரு பொது மருத்துவரைப் பார்க்க வழக்கமான கட்டணம் 30 யூரோ. 3,000 ரூபாயான்னு நாலு நாள் காய்ச்சலோட படுத்துக் கிடக்காதீங்க.

"நீங்க டாக்டர், சொல்லுவீங்க"ன்னு சில பேர் கேப்பீங்க. கடன் வாங்கி ஆசையைத் தீருங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். அங்க இருக்கற பிள்ளை தலையிலயும் கட்டாதீங்க. வாடகை, வரி, குழந்தைங்க செலவுன்னு அவங்க கணக்கு இறுக்கமா ஓடும், அப்பா அம்மாகிட்ட வாய் திறக்க மாட்டாங்க. கையில இருக்கற காசுக்குள்ளதான். ஆசை சின்னதா இருந்தா தப்பே இல்ல. ஆர்சே மியூசியம் மாசத்துல முதல் ஞாயிறு இலவசம், அன்னிக்குப் போய் மிச்சமான காசுல டாக்ஸியில வீடு திரும்பினா அதுவும் கணக்குதான்.

பிப்ரவரியில ஒரு தம்பதி வந்தாங்க. அவர் மில்லுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 71 வயசு. அவங்க அப்பா சொல்தா. கப்பல்ல போய் மார்செய் துறைமுகத்துல இறங்கின கதையை சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாராம். அந்த ஜொலியெத் துறையில ஒரு தடவை நிக்கணும், அதுதான் இவரோட ஆசை. மகளுக்குக்கூட சொல்லல. "பைத்தியமான்னு கேப்பா டாக்டர்."

மருந்துச் சீட்டுக்குப் பின்னாடியே கணக்கு எழுதினோம். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், ஷூ போக கையில 2,60,000. முதல் வரி: மார்செய் 60,000. காபி 31,200. மக வீட்டுச் செலவுக்கு 50,000. பரிசுக்கு 30,000, அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. அந்த அம்மா இதுல கொஞ்சம் சண்டை போட்டாங்க, சம்பந்தி வீட்டுக்கு என்ன பண்றதுன்னு. 88,800 தொடாத காசு. பாரீஸ்ல இருந்து மார்செய்க்கு அதிவேக ரயில்ல மூணரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், முன்கூட்டியே எடுத்தா விலையும் குறையும். ஆனா மார்செய் சான் ஷார்ல் ஸ்டேஷன் வாசல்ல 104 படி இருக்கு. அழகான படிதான், அவர் முட்டிக்கு ஆகாது. அதனால டாக்ஸிக் காசையும் அந்த 60,000க்குள்ளயே சேர்த்து எழுதினேன்.

மகளுக்கு அன்னிக்கு என் முன்னாடியே போன் போட்டார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அப்புறம், "இதை ஏம்ப்பா இத்தனை வருஷமா சொல்லல?"

மே மாசம் கிளம்பறாங்க. தினமும் சாயங்காலம் புது ஷூவைப் போட்டுக்கிட்டு மணிக்கூண்டுல இருந்து கடற்கரைச் சாலை வரைக்கும் ரெண்டு பேரும் நடக்கறாங்க, நேத்துகூட பார்த்தேன். எனக்கு சாக்லேட் வேண்டாம், அந்தத் துறையில நின்னு ஒரு போட்டோ அனுப்புங்கன்னு சொல்லி இருக்கேன்.

உங்க வீட்ல யாராவது கிளம்பறாங்கன்னா சந்தேகத்தைக் கீழ கேளுங்க. ஓபி முடிச்சுட்டு ராத்திரி பதில் போடறேன்.