கப்பலில் வயிற்றோட்டம்: எண்ணிச் சொல்பவருக்குத்தானா கெட்ட பெயர்?

உல்லாசக் கப்பல் பயணம் எம்மவர்களுக்கு இப்போது தூரத்து விடயமல்ல. பாடசாலை விடுமுறைக்குச் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து மூன்று நான்கு இரவுகளைக் கப்பலில் கழித்துவிட்டு வரும் வியாபாரக் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. 2023 ஜூனில் கோர்டெலியா கம்பனியின் 'எம்பிரஸ்' கப்பல் சென்னையிலிருந்து ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியபோது கடைத்தெருவிலும் இதுபற்றிய பேச்சு அடிபட்டது. என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். பிறகு ஹலால் சாப்பாடு கிடைக்குமா என்பார்கள். மூன்றாவதாகக் கட்டாயம் வருவது இந்தக் கேள்வி: "ஹாஜியார், கப்பலில் போனால் சத்தி, வயிற்றோட்டம் பிடிக்குமாமே?"

முதலிரண்டுக்கும் பயண முகவர் பதில் சொல்வார். மூன்றாவதுக்குச் சிரித்து மழுப்பிவிடுவார். அதனால் அதை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம். இது சுகாதார விடயம் மாத்திரமல்ல, சாப்பாடு விற்கும் எவருக்கும் இதிலே ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது.

நோயின் பெயர் நொரோவைரஸ். 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நோர்வோக் என்ற ஊரின் பாடசாலையொன்றில் பரவிய நோயிலிருந்து வந்த பெயர் இது. ஆகவே கப்பலில் பிறந்த நோயல்ல. கிருமி உள்ளே சென்று 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் சத்தியும் வயிற்றோட்டமும் ஆரம்பிக்கும். ஒன்று முதல் மூன்று நாட்களில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சுகமாகிவிடும். வயோதிபர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உடம்பில் நீர் வற்றிப்போவதுதான் ஆபத்து. நூறுக்கும் குறைவான வைரஸ் துணிக்கைகளே ஒருவரை வீழ்த்தப் போதுமானவை. சுகமான பின்னரும் இரண்டு வாரங்கள் வரை, சிலவேளை அதற்கு மேலும், அவரது மலத்தில் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டு மண்டப வாசலில் எல்லோருடைய கையிலும் மதுசாரம் கலந்த திரவத்தைத் தெளிப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இந்தக் கிருமிக்கு அது சரிவர வேலை செய்யாது. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 20 செக்கன்களாவது கழுவுவதே வழி. ஐவேளை வுழூச் செய்யும் எமக்கு இது இலேசான காரியம்தான். ஆனால் வுழூவில் சவர்க்காரம் கிடையாதே! "நாங்கள் சுத்தமான சமூகம்" என்ற பெருமையோடு மலசலகூடத்திலிருந்து நேரே வந்து சஹனில் கைவைப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

இனி எண்களுக்கு வருவோம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையமான சீ.டீ.சீ. 1975இல் கப்பல்களுக்கென்று தனியான சுகாதாரத் திட்டமொன்றை ஆரம்பித்தது. வெளிநாடு போய் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் உல்லாசக் கப்பல் ஒவ்வொன்றும், கரைசேர முன்னர், எத்தனை பேருக்கு வயிற்றோட்டம் என்று அறிவிக்க வேண்டும். ஒருவருமில்லை என்றாலும் அதையும் அறிவிக்க வேண்டும். பயணிகளில் அல்லது ஊழியர்களில் 3 வீதத்தினருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ நோய் கண்டால் கப்பலின் பெயரோடு பகிரங்கமாகப் பிரசுரிக்கப்படும். பரிசோதகர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள். 85 அல்லது அதற்குக் குறைந்தால் சித்தியில்லை.

இப்படி எண்ணியதன் பலன் என்ன? 2006இல் ஒரு இலட்சம் பயண நாட்களுக்கு 32.5 பயணிகள் என்றிருந்த நோய் வீதம், 2019இல் 16.9 ஆகக் குறைந்தது. அந்தக் கணக்கின்படி ஏழு நாள் பயணமொன்றில் ஏறத்தாழ 850 பேருக்கு ஒருவர்தான் நோயாளி. 3,000 பயணிகள் ஏறும் கப்பலில் மூன்று நான்கு பேர். கப்பல் வைத்தியரிடம் போனவர்களின் எண்ணிக்கைதான் இது, மறைத்தவர்கள் இதில் இல்லை. அப்படியிருந்தும், பயந்து பயணத்தை ரத்துச் செய்யுமளவுக்கு இது பெரிய ஆபத்தல்ல என்பது என் அபிப்பிராயம். 2020க்குப் பிறகு எண்ணிக்கை மீண்டும் ஏறியது உண்மை. அந்தத் திட்டத்தின்கீழ் பிரசுரிக்கப்பட்ட தொற்றுச் சம்பவங்கள் 2023இல் 14, 2024இல் 18, 2025இல் இருபதையும் தாண்டின. ஆனால் அமெரிக்காவில் அறிவிக்கப்படும் நொரோவைரஸ் தொற்றுச் சம்பவங்கள் அனைத்திலும் கப்பல்களின் பங்கு ஒரு வீதம் மாத்திரமே. முதியோர் இல்லங்களும் வைத்தியசாலைகளும்தான் பெரும்பங்கை வைத்திருக்கின்றன.

அப்படியானால் கெட்ட பெயர் ஏன் கப்பலுக்கு? தரையில் ஒரு ஹோட்டலில் 200 பேர் சாப்பிட்டு, அவர்களில் 40 பேருக்கு மறுநாள் வயிறு கெட்டால், ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒவ்வொன்றைக் குறைசொல்வார்கள். ஒருவர் ஐஸ்கிறீம் என்பார், மற்றவர் கண்ணூறு என்பார். நாற்பதையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க ஆளில்லை. கப்பலில் ஒரே வைத்தியர், ஒரே பதிவேடு. எண்ணுகிறவருடைய குறைதான் வெளியே தெரிகிறது.

இந்தப் பகிரங்கத்துக்குக் கம்பனிகள் கொடுத்த விலை சிறியதல்ல. 2014 ஜனவரியில் ரோயல் கரிபியன் கம்பனியின் 'எக்ஸ்புளோரர் ஒஃப் த சீஸ்' கப்பலில் 3,071 பயணிகளில் 634 பேர் நோயுற்றனர். பயணம் இரண்டு நாட்கள் முன்னதாகவே முடிக்கப்பட்டது. எல்லோருக்கும் கட்டணத்தில் பாதி திருப்பிக் கொடுக்கப்பட்டதோடு, அடுத்த பயணத்துக்கும் பாதிக் கட்டணம் கழிவாக வழங்கப்பட்டது. 2019 ஜனவரியில் அதே கம்பனியின் 'ஒயேசிஸ் ஒஃப் த சீஸ்' கப்பலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு நோய். இம்முறை முழுக் கட்டணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

எக்ஸ்புளோரர் சம்பவத்தில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு சிறிய ஏற்பாடு. அறையில் தனிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு, அடைபட்டிருந்த ஒவ்வொரு நாளுக்கும் எதிர்காலப் பயணத்தில் ஒரு நாள் மேலதிகமாகத் தரப்பட்டது. பயணி ஏன் நோயை மறைக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் சேமித்த காசில் ஏறியிருக்கிறார். வைத்தியரிடம் போனால் நாலு சுவருக்குள் அடைத்துவிடுவார்கள். எனவே இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு புஃபே வரிசையில் போய் நிற்கிறார். பின்னால் வரும் நூறு பேரும் அவர் தொட்ட கரண்டியைத் தொடுகிறார்கள். உண்மையைச் சொல்பவர் நட்டப்படுவதும், மறைப்பவர் அனுபவிப்பதுமாக இருந்தால் எந்த அறிவித்தல் பலகையும் பயன் தராது. அடைபட்ட நாளுக்கு ஈடு கொடுப்பதைக் கம்பனிகள் பெரிய சம்பவம் நடந்த பின்னர் செய்யும் சலுகையாக வைத்திராமல், டிக்கட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். தொற்றொன்றுக்குப் போகும் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

மறைப்பதில் பயணிகளை மாத்திரம் குறைகூற முடியாது. 2013 ஜூனில் அலாஸ்காவின் ஸ்காக்வே துறைமுகத்தில், சில்வர்சீ என்ற மிக விலைகூடிய கம்பனியின் 'சில்வர் ஷெடோ' கப்பலில் பரிசோதகர்கள் ஏறினார்கள். பரிசோதனையிலிருந்து தப்புவதற்காக 15க்கும் மேற்பட்ட தள்ளுவண்டிகள் நிறைய பச்சை இறைச்சி, பால், முட்டை, சமைத்த உணவு எல்லாம் சமையலறை ஊழியர்கள் தூங்கும் அறைகளில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. கிடைத்த புள்ளி 82. விலை கூடினால் சுத்தமும் கூடும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும். 2009இல் வெளியான ஆய்வொன்றில், 56 கப்பல்களின் பொது மலசலகூடங்களில் கைபடும் இடங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அடையாளமிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் 37 வீதம்தான் அன்றாடம் துடைக்கப்பட்டிருந்தது. காலையில் ஒரு கூட்டம் இறங்கி, மாலையில் அடுத்த கூட்டத்தோடு புறப்படுகிற தொழில் இது. துடைப்பதற்கு இருப்பது சில மணித்தியாலங்கள்தான்.

எழுத்தில் இருப்பதும் போதாது. 2011இல் பிரெட் ஓல்சன் கம்பனியின் 'பூடிக்கா' கப்பலில் நொரோவைரஸ் பிடித்த பிரித்தானியப் பயணிகள் வழக்குத் தொடுத்தார்கள். நோயைக் கட்டுப்படுத்தும் திட்டம் கம்பனியிடம் எழுத்தில் இருந்தது. அது நடைமுறையில் ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பயணிகளின் பக்கமே தீர்ப்பளித்தது.

அந்த அமெரிக்கத் திட்டத்தின் விதிகளில் ஒன்றை எமது சாப்பாட்டுக் கடை முதலாளிமாரும், கலியாண வீடுகளுக்குச் சமைப்பவர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உணவில் கைவைக்கும் ஊழியருக்குச் சத்தியோ வயிற்றோட்டமோ வந்தால், அது நின்று 48 மணித்தியாலங்கள் கடக்கும்வரை அவர் சமையலறைக்குள் வரக்கூடாது. எம்மிடையே நடப்பது என்ன? நாட்கூலிக்கு வேலை செய்பவர் இரவெல்லாம் வயிற்றோட்டத்தோடு கிடந்துவிட்டு, விடிந்ததும் வலீமாச் சாப்பாட்டுக்கு சலாது வெட்ட வந்துவிடுகிறார். வராவிட்டால் அன்று அவர் வீட்டில் அடுப்பெரியாது. 500 பேருக்கு 80க்கும் மேற்பட்ட சஹன்கள், ஒவ்வொன்றிலும் ஆறு பேர் கைவைக்கும் சாப்பாடு. அந்த மனிதரின் இரண்டு நாள் சம்பளத்தை முதலாளி கொடுத்து வீட்டில் இருக்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இதைச் சொன்னால் "பொய் சொல்லி லீவு எடுப்பான்" என்று என்னிடம் வாதாடுகிறார்கள். சிலர் எடுக்கத்தான் செய்வார்கள். ஒரு வலீமாவில் நூறு பேர் படுத்துவிட்டால் அந்தச் சமையல்காரருக்கு அடுத்த ஓடரே கிடைக்காது. அந்த நட்டத்தை இவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

கப்பலேற நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். நான் மேலே சொன்ன எண்கள் யாவும் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களுடையவை. சிங்கப்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ புறப்பட்டு இந்தப் பக்கமே சுற்றி முடிக்கும் பயணங்கள் அந்தத் திட்டத்துக்குள் வரமாட்டா. சில கப்பல்கள் சில பருவங்களில் அமெரிக்காவுக்கும் ஓடுகின்றன. அவற்றின் பழைய பரிசோதனைப் புள்ளிகளை எவரும் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் அந்தத் திட்டத்தின் முழுநேர சிவில் ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். இத்தனைக்கும் திட்டத்தின் செலவைக் கொடுப்பது கப்பல் கம்பனிகளின் கட்டணம்.

ஏறிய பிறகு, புஃபேயில் கரண்டி பிடித்துப் பரிமாறிக்கொண்டு மேசைக்கு வந்த பின்னரும் கை கழுவிவிட்டே சாப்பிடுங்கள். ஜீவனி பக்கற்றுகள் சிலவற்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சத்தியோடேயே கப்பல் வைத்தியருக்குச் சொல்லிவிடுங்கள். முற்பணம் கட்ட முன்னர் முகவரிடம் இரண்டு விடயங்களை எழுத்தில் கேளுங்கள். நோய் வந்து அறையில் அடைபட்டால் அந்த நாட்களுக்கு என்ன திருப்பித் தருவீர்கள்? வயிற்றோட்டத்துக்குக் கப்பல் வைத்தியரைப் பார்க்கக் கட்டணம் உண்டா? கட்டணம் உண்டு, திருப்பித் தருவதில்லை என்று பதில் வந்தால், அந்தக் கப்பலில் உங்களுக்கு முன்னால் புஃபே வரிசையில் நிற்பவர் யாரென்று ஊகித்துக்கொள்ளலாம்.