எண்ணிக்கையும் இருதயமும்

இருதயத்தின் துடிப்பை எண்ணலாம். இருதய வைத்தியனின் யோக்கியதையை எண்ணிவிட முடியாது. இதைச் சொன்னால், "கதை எழுதுகிறவனுக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை?" என்பார்கள். இருக்கட்டும். எத்தனை பிரதி விற்றது என்று பார்த்து இலக்கியத்துக்குத் தரம் கட்டுகிறவர்களோடு ஆயுளெல்லாம் சண்டை போட்டவன் நான். அதே வியாதி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தால் அதன் முகம் எனக்குத் தெரியாதா?

சென்ற மாதம் மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கினேன். அவர் மகன் இருதய வைத்தியத்தில் ஆராய்ச்சி செய்கிறவன்; கெட்டிக்காரப் பிள்ளை. கைபேசியை நீட்டி, "மாமா, என் எச் இண்டெக்ஸ் 14 ஆகிவிட்டது" என்றான். அவனுடைய கட்டுரைகளில் பதினான்கை, ஒவ்வொன்றையும் 14 தடவைக்குக் குறையாமல், மற்றவர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். 2005-ல் ஹிர்ஷ் என்ற பௌதிகப் பேராசிரியர் அமெரிக்காவில் வகுத்த கணக்கு அது.

"அந்தப் பதினாலில் எது யாருக்கு உதவிற்று?" என்று கேட்டேன்.

"அதை யார் மாமா கேட்கிறார்கள்? பதவி உயர்வுக்கு எண்ணிக்கைதான் வேண்டும்" என்று சிரித்தான்.

அந்நேரம் தோட்டத்துப் பக்கம் அவனுடைய ஆயா சவுக்கு விறகை மூட்டி வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். உள்ளே காஸ் அடுப்பு இருக்கிறது, பழக்கம் விடவில்லை. புகைக்கு நடுவே குனிந்து ஊதுவதும் இருமுவதுமாக இருந்தாள்.

அந்தப் புகை எனக்கு டாக்டர் பத்மாவதியை நினைவூட்டிற்று. பர்மாவில் 1917-ல் பிறந்து, யுத்த காலத்தில் கோயம்புத்தூருக்கு ஓடிவந்த குடும்பத்துப் பெண். டில்லியில் இருதய வைத்தியத்துக்கு அஸ்திவாரம் போட்டவர். நுரையீரல் கெட்டு, அதனால் இருதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளர்ந்துபோன 127 நோயாளிகளை ஆராய்ந்து, 1959-ல் 'சர்க்குலேஷன்' பத்திரிகையில் எழுதினார். புகைபிடிக்காத பெண்களுக்கும் இந்நோய் வருவானேன் என்று யோசித்துச் சமையலறைப் புகையின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார். 2020-ல் தமது 103-ஆம் வயதில் காலமானார். அக்கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக் காட்டினார்கள் என்று எண்ணலாம். ஆனால் அடுப்படியில் இருமுகிறவள் அடிக்குறிப்பு எழுத மாட்டாளே! அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். எண் வருவதற்கு முன் என்ன இருந்தது? சிபாரிசு இருந்தது, ஜாதி இருந்தது, மாமனார் இருந்தார். ஊர் பேர் தெரியாத பையனும் எண்ணைக் காட்டி நாற்காலியைக் கேட்கலாம் என்பது நல்ல விஷயந்தான். ஆனால் சிபாரிசுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டவர்கள், கட்டுரையையும் படிக்காமலே தூக்கிப் போட்டுவிட்டார்களே, அதுதான் என் சண்டை!

எண்ணுக்குப் புகழ்ச்சியும் ஒன்றுதான், இகழ்ச்சியும் ஒன்றுதான். "இவர் சொன்னது தவறு" என்று ஒருவர் எழுதினாலும் கணக்கில் ஒன்று கூடும். இருதயத் தசை தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று சொல்லி உலகப் புகழ் பெற்றவர் பியேரோ அன்வெர்சா. அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளில் பொய்யான தகவல்கள் இருப்பதாகச் சொல்லி, அவற்றைத் திரும்பப் பெறும்படி 2018-ல் பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது ஹார்வர்ட். அதுவரை எண் அவரைக் காட்டிக் கொடுத்ததா? கைதட்டிக்கொண்டல்லவா இருந்தது!

பத்திரிகையின் 'இம்பாக்ட் ஃபாக்டரை' வைத்து ஒரு விஞ்ஞானியை எடை போடாதீர்கள் என்று 2012-லேயே சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் பிரகடனம் செய்துவிட்டார்கள். நான் கேட்பது அதைவிட எளிது. வேலைக்கு வருகிறவன் தன்னுடைய சிறந்த கட்டுரைகள் மூன்றைத் தானே பொறுக்கித் தரட்டும். தேர்வுக் குழுவினர் அவற்றைப் படித்துவிட்டு வந்து அவனைக் கேள்வி கேட்கட்டும். படிக்க நேரமில்லை என்பவருக்குத் தீர்ப்புச் சொல்ல மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

ஊருக்குப் புறப்படும்போது பையனிடம், "ஆயாவின் மார்பில் என்றைக்காவது குழாய் வைத்துப் பார்த்தாயா?" என்றேன். அவன் பதில் பேசவில்லை. எனக்கு அது திருப்தியாகவே இருந்தது. இந்தத் தடவை எண் எதையும் சொல்லவில்லை அல்லவா?