பிள்ளைக்குக் கமெரா வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் உள்ள நம்பரை நம்பாதீர்கள்



சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் ஒவ்வொரு வருடமும் பெற்றோர் எங்களிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், பிள்ளைக்குப் போட்டோ எடுக்க சரியான ஆசை. சின்னக் கமெரா ஒன்று வாங்கிக் குடுப்பம் என்று பாக்கிறம். பெரிசா செலவழிக்க ஏலா. எது நல்லம்?" கட்டாரில் இருக்கும் சாச்சாமார், சவூதியில் இருக்கும் நானாமார் வட்ஸ்அப்பில் ஒரு கமெராவின் படத்தை அனுப்பி, "இது பரவாயில்லையா சேர்?" என்று கேட்கிறார்கள். பாடசாலை ஊடகப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். காசு கொடுக்க முன் வாசித்துவிடுங்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையடக்கக் கமெரா ஒரு பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய நல்ல பரிசு. ஆனால் குறைந்த விலையில் புதிதாக வரும் பெயர் தெரியாத கமெராவை வாங்காதீர்கள். அதே காசுக்குப் பெயருள்ள நிறுவனத்தின் பாவித்த கமெரா ஒன்றைத் தேடி வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறோம்.

"போனிலேயே கமெரா இருக்கே, பிறகு எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பகல் வெளிச்சத்தில் இன்றைய நல்ல போன் ஒன்று எடுக்கும் படம் பழைய கமெராவின் படத்தை விடத் தெளிவாக இருக்கும். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்த போனில் லென்ஸ் நகர்ந்து தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் ஸூம் இல்லை. இருட்டு மண்டபத்தில் ஒரு வரிசை ஆட்களை வெளிச்சமாக்கும் பிளாஷ் இல்லை. அதைவிட முக்கியமானது, கமெரா கமெராவாக மட்டுமே இருக்கிறது. அதில் பேஸ்புக் இல்லை, கேம் இல்லை. நடுவில் வந்து பிள்ளையின் கவனத்தைப் பிடுங்கும் மெசேஜ் இல்லை. பிள்ளை அதைக் கையில் எடுத்தால் எதையாவது பார்ப்பதற்காகத்தான் எடுக்கிறது. 16 வயதில் அந்தப் பழக்கம் பெரிய விடயம்.

இப்போது அந்த நம்பருக்கு வருவோம்.

கடையிலும் இணையத்திலும் "48 மெகாபிக்சல்", "64 மெகாபிக்சல்", "16 எக்ஸ் ஸூம்" என்று பெரிய எழுத்தில் போட்ட சின்னக் கமெராக்கள் நிறைய வருகின்றன. நிறம் அழகு, பெட்டி அழகு. கணக்கை மட்டும் பாருங்கள். ஸ்டூடியோவில் கழுவும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில், 1200க்கு 1800 புள்ளிகள் போதும். அது 2 மெகாபிக்சலை விடக் கொஞ்சம்தான் கூட. ஏ4 தாள் முழுக்க அச்சடிப்பதற்கே 9 மெகாபிக்சல் போதும். அப்படியென்றால் பிள்ளைக்கு 48 எதற்கு?

எதற்கும் இல்லை, விற்பதற்குத்தான். இந்த வகைக் கமெராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சர் உண்மையில் அவ்வளவு புள்ளிகளைப் பிடிப்பதில்லை. பிடித்த கொஞ்சப் புள்ளிகளுக்கு இடையில் மிச்சத்தைக் கணக்குப் போட்டு நிரப்பிப் படத்தைப் பெரிதாக்குகிறது. "16 எக்ஸ்" என்பதும் லென்ஸ் நகரும் ஸூம் அல்ல. படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதுதான். பலவற்றில் போகஸ் நகராது. பிளாஷ் என்று இருப்பது ஒரு சின்ன எல்ஈடி பல்ப்.

இதனால் காசு மட்டும் நட்டம் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டோம்.

எங்கள் ஊடகப் பிரிவுக்கு ஒரு பிள்ளை வந்தாள். பத்தாம் தரம். மாமா அனுப்பிய காசில் 20,000 ரூபாவுக்கு வாங்கிய நீல நிறக் கமெரா கையில் இருந்தது. பரிசளிப்பு விழாவுக்கு அன்று முழுக்க ஓடி ஓடிப் படம் எடுத்தாள். மறுநாள் கணினியில் போட்டுப் பார்த்தால் மண்டபத்துக்குள் எடுத்த எல்லாமே கலங்கல். முகங்கள் மஞ்சளாய், கரைந்து போயிருந்தன. அவள் கமெராவைக் குறை சொல்லவில்லை. "எனக்குக் கை நடுங்குது போல சேர். எனக்கு இது சரிவராது" என்றாள்.

நாங்கள் அலுமாரியில் இருந்த பழைய கெனன் இக்ஸஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தோம். அது 10 மெகாபிக்சல்தான், மூலையில் பெயின்ட் உரிந்திருக்கும். அடுத்த வாரம் அதே மண்டபத்தில், அதே கையால், விவாதப் போட்டியை எடுத்தாள். படங்கள் அறிவித்தல் பலகையில் ஏறின. கை நடுங்கவில்லை என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கெட்ட கமெராவின் உண்மையான விலை இதுதான். பெரியவர்களான எங்களுக்குச் சாமான் சரியில்லை என்று விளங்கும். பிள்ளை தன்னில்தான் குறை என்று நினைத்துக்கொள்ளும். ஆசையாகக் கொடுத்த பரிசு, "உனக்கு இது வராது" என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது.

அப்படியானால் நல்ல நிறுவனங்கள் ஏன் குறைந்த விலையில் புதிதாகச் செய்வதில்லை? போன் வந்ததால்தான். 2010இல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட கையடக்கக் கமெராக்கள் 10 கோடிக்கு மேல். 2023இல் அது 20 இலட்சம் கூட இல்லை. நிறுவனங்கள் மலிவு ரகங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. 2016இல் வந்த கெனன் இக்ஸஸ் 285ஐ, அமெரிக்காவில் எல்ப் 360 என்று விற்றதை, 2025இல் சிறிய மாற்றங்களோடு மறுபடி இறக்கினார்கள். விலை 380 டொலர் அளவில். டொலர் 300 ரூபா என்று பிடித்தாலே ஒரு இலட்சத்தைத் தாண்டுகிறது. இங்கே வந்தால் வரிகள் வேறு. 2024 ஜனவரியில் இருந்து வற் வரி மட்டுமே 18 வீதம். நல்ல நிறுவனங்கள் விட்டுப்போன அந்த மலிவு இடத்தைத்தான் பெயர் தெரியாத கமெராக்கள் பிடித்திருக்கின்றன.

எதை வாங்கலாம்?

புதிதாகத்தான் வேண்டும் என்றால், மலிவு ரகத்தில் கொடாக் பிக்ஸ்புரோ எப்இசட் 45, எப்இசட் 55 இரண்டையும் பாருங்கள். இரண்டும் 16 மெகாபிக்சல். லென்ஸ் நகரும் உண்மையான ஸூம் முதலாவதில் 4 மடங்கு, இரண்டாவதில் 5 மடங்கு. எப்இசட் 45 கடையில் கிடைக்கும் டபிள் ஏ பற்றரியில் ஓடும், அது கிராமத்துக்கு வசதி. பழைய கொடாக் கம்பனி செய்வதல்ல இது, அந்தப் பெயரை உரிமம் பெற்று வேறொரு நிறுவனம் விற்கிறது. அற்புதமான கமெரா இல்லை, ஆனாலும் உண்மையான கமெரா.

பாவித்தது என்றால் கெனன் இக்ஸஸ், சொனி சைபர்ஷொட் டபிள்யூ வரிசை, நிக்கொன் கூல்பிக்ஸ் எஸ் வரிசை, பெனசொனிக் லூமிக்ஸ். இவற்றில் 2010க்குப் பிறகு வந்த எதுவும் பிள்ளைக்குத் தாராளம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து காசு போட முடியுமானால் 2012இல் வந்த முதலாவது சொனி ஆர்எக்ஸ் 100ஐத் தேடுங்கள். சாதாரண கையடக்கக் கமெராவின் சென்சர் சுமார் 6க்கு 4.5 மில்லிமீற்றர். இதில் 13.2க்கு 8.8. பரப்பளவில் நான்கு மடங்கு. இருட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று. பழைய சிசிடி சென்சர் கமெராக்களுக்கு டிக்டொக்கில் ஒரு மோகம் வந்து விலையும் ஏறிவிட்டது. சிசிடி என்ற சொல்லுக்காக ஒரு ரூபாவும் கூடக் கொடுக்காதீர்கள். படிக்கும் பிள்ளைக்கு அது எந்த நன்மையும் தராது.

பாவித்ததை வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. இணையத்தில் படத்தைப் பார்த்துக் காசு அனுப்பாதீர்கள். கையில் வாங்கிப் பாருங்கள். புறக்கோட்டையில் வாங்கினாலும் ஊரில் வாங்கினாலும், கடைக்குள்ளேயே போட்டுப் பார்த்த பிறகுதான் காசு.

2. பத்துத் தடவை ஓன் செய்து ஓப் செய்யுங்கள். லென்ஸ் தடையில்லாமல் வெளியே வந்து உள்ளே போக வேண்டும். கரகர சத்தம் வந்தால் வேண்டாம். லென்ஸ் சிக்கினால் திருத்தும் கூலி கமெராவின் விலையைத் தாண்டும்.

3. வெள்ளைச் சுவர் ஒன்றை ஸூம் செய்தும் செய்யாமலும் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் உள்ளே தூசு. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிலந்தி வலை போலத் தெரிந்தால் பங்கஸ். கடற்கரை ஊர்களில் இது அதிகம்.

4. பற்றரி வீங்கியிருக்கிறதா, சார்ஜர் இருக்கிறதா, அந்த ரகப் பற்றரி இப்போதும் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

5. எஸ்டி கார்ட் போடும் கமெராவையே எடுங்கள். பழைய ஒலிம்பஸ், பியூஜி சிலவற்றுக்கு எக்ஸ்டி கார்ட், பழைய சொனிக்கு மெமரி ஸ்டிக் வேண்டும். அவற்றைத் தேடி அலைய வேண்டி வரும். எந்தக் கமெராவுக்கும் முதலில் 16 அல்லது 32 ஜிபி போதும். 64 ஜிபியைப் பழைய கமெராக்கள் பல ஏற்காது.

விலையை இங்கே எழுதவில்லை, அது வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நாலு இடத்தில் கேளுங்கள். பெட்டி இல்லையே, கீறல் இருக்கிறதே என்று யோசிக்காதீர்கள். கீறல் விழுந்த நல்ல கமெரா பிள்ளைக்கு இன்னும் நல்லது. உடைந்துவிடுமோ என்று பயந்து அலுமாரியில் பூட்டி வைக்க மாட்டோம்.

வைத்திருக்கும் காசு முழுவதையும் கமெராவிலேயே போட்டுவிடாதீர்கள். ஒரு நல்ல கார்ட், இன்னொரு பற்றரி, இரண்டு சிலிக்கா ஜெல் பொதி போட்ட மூடியுள்ள டப்பா, இவற்றுக்கும் ஒதுக்குங்கள். முதல் மாதம் பிள்ளை எடுத்ததில் பத்துப் படங்களைக் கழுவிக் கொடுங்கள். திரையில் விரலால் தள்ளிவிடும் படத்தைப் பிள்ளை மறந்துவிடும். கையில் பிடித்த படத்தில் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும். அதுதான் படிப்பு.

கடைசியாக ஒரு விடயம், கொஞ்சம் மனம் திறந்தே சொல்கிறோம். எங்களிடம் கமெரா பற்றிக் கேட்கும் வாப்பாமாரில் அதிகமானோர் ஆண்பிள்ளைக்காகவே கேட்கிறார்கள். மகளுக்கு என்றால் "அவவுக்கு எதுக்கு சேர்" என்று சிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்க் கலியாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆண் வருவதை யாரும் விரும்புவதில்லை. அங்கே நின்று படம் எடுக்கத் தெரிந்த பெண்ணைத் தேடித்தான் திரிகிறோம். உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடமே இருக்கிறது. மகளின் கையில் கமெரா இருப்பதில் என்ன குறை? யாரை எடுக்கலாம், யாரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், எதை யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். அதை மகனுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

இம்முறை பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குப் பரிசு யோசிப்பவர்கள், பெட்டியைப் பார்க்காமல் லென்ஸைப் பாருங்கள். உங்கள் ஊரில் நம்பிக்கையாகப் பாவித்த கமெரா விற்கும், திருத்தும் கடைகள் தெரிந்தால் கீழே எழுதுங்கள். இன்னொரு வீட்டுக்கு உதவும்.

வஸ்ஸலாம்.