நாய்க்குச் சிப் போட்டால் போதுமா?

சான்பாடாவில் நாய் இல்லாத கட்டடம் இப்போது அபூர்வம். தாராவியிலும் செம்பூரிலும் ஒற்றை அறையில் நெருக்கியடித்துப் படுத்த காலத்தில் நாய் வளர்ப்பதைப் பற்றி நம்மில் யார் நினைத்தோம்? இரண்டு படுக்கையறை வீடு வந்தது. பிள்ளைகள் நச்சரித்து லாப்ரடாரும் வந்துவிட்டது. கூடவே அதன் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் வந்திருக்கிறது. நானும் நாய் வளர்ப்பவன் என்பதால் நண்பர்கள் கேட்கிறார்கள்: "இது எத்தனை வருஷம் உழைக்கும்?"

நாயைவிட அதிக நாள் உழைக்கும். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய, சுமார் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழல் அது. உள்ளே பேட்டரி கிடையாது. மருத்துவர் ரீடரை அருகே கொண்டுவரும்போது அதிலிருந்து வரும் ரேடியோ அலையே சிப்புக்கு மின்சாரம் ஊட்டுகிறது. சிப் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். தீர்ந்துபோக ஒன்றும் இல்லாததால் 20, 25 ஆண்டுகள் தாங்கும் என்கிறார்கள். (நாய் எங்கே திரிகிறது என்று செல்போனில் காட்டும் என நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காட்டாது.)

பின் ஏன் சில சமயம் "படிக்கவில்லை" என்கிறார்கள்? சிப் பழுதாவது அபூர்வம். தோள்களுக்கு நடுவே போட்டது பக்கவாட்டிலோ மார்புப் பக்கமோ நகர்ந்திருக்கலாம். ரீடரின் பேட்டரி இறங்கியிருக்கலாம். இரும்பு மேசையும் சங்கிலிப் பட்டையும் அலையைக் கெடுக்கும். இன்றைய உலகத் தரம் 134.2 கிலோஹெர்ட்ஸ், பழைய 125 கிலோஹெர்ட்ஸ் சிப்பைச் சில ரீடர்கள் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போகும்போது, "டாக்டர், சிப்பையும் ஒரு தடவை பாருங்கள்" என்று கேளுங்கள். உடம்பு முழுக்க நிதானமாகத் தடவிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? வந்த எண்ணை ஊசி அட்டையோடு ஒத்துப் பாருங்கள்.

வெளிநாடு போகும் குடும்பங்களுக்கு இது விளையாட்டல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் சிப் போடுவதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு ஊசிக்குப் பின் ரத்தப் பரிசோதனையும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு. விமானம் ஏறும் வாரத்தில் சிப் பேசவில்லை என்றால் அத்தனை காகிதமும் வீண்.

ஆனால் என் கவலை சிப்பைப் பற்றியதல்ல, போன் நம்பரைப் பற்றியது. சிப்பில் நம் பெயர் இல்லை, எண் மட்டும்தான். பெயரும் முகவரியும் ஏதோ ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. அமெரிக்கக் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம் தவறான அல்லது துண்டிக்கப்பட்ட போன் நம்பர்தான் என்று அதில் தெரிந்தது. நாமோ வீடு மாறிக்கொண்டே இருக்கிறவர்கள். மாட்டுங்கா, செம்பூர், வாஷியில் வாடகை, பிறகு சான்பாடா, ஓய்வு பெற்றதும் திருநெல்வேலி. புது நம்பரை வங்கிக்குச் சொல்கிறோம், கேஸ்காரருக்குச் சொல்கிறோம். நாயின் பதிவேட்டுக்கு யார் சொல்கிறார்கள்? பிரிட்டனில் 2016 முதல் நாய்க்குச் சிப் கட்டாயம். விவரத்தைத் திருத்தாமல் விட்டாலும் 500 பவுண்டு வரை அபராதம் உண்டு. அது கடுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் நாட்டில் எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே பதிவேடு இல்லை. சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய் உரிமத்தோடு சிப்பையும் சேர்த்தது. சரியான வழி என்பேன். இங்கே நவி மும்பையிலும் உரிமத்தில் சிப் எண்ணை எழுதி, புதுப்பிக்கும்போதெல்லாம் போன் நம்பரைக் கேட்க வேண்டும். அதுவரை, சிப் போடும் இடத்திலேயே எந்தப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள், திருத்துவது எப்படி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த வில்லையையும் கழற்றிவிடாதீர்கள். சான்பாடா ஸ்டேஷன் வாசலில் உங்கள் நாயைப் பிடித்து நிறுத்தும் ஆட்டோக்காரரிடம் ரீடர் இருக்காது.