வீட்டுக் கணக்கு: முந்தி வாங்கியவருக்கே தண்டமா?



போன மாதம் லுணுகலை பஸ் தரிப்பிடத்தில் பசறை பஸ்ஸுக்காக நின்றபோது, தெரிந்த சகோதரி ஒருவர் "அக்கா, ஒரு நியாயம் கேட்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வன்னியில் கணவரை இழந்து, 2010இல் கைக்குழந்தையோடு தோட்டத்திலுள்ள தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவர். கொழுந்து பறித்துத்தான் பிள்ளையை வளர்த்தார். மகன் இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறான்.

மாமா கொடுத்த பழைய கணினியில் மகன் விளையாடுவானாம். மூன்று பாகங்களாக வந்த ஒரு விளையாட்டின் முதற் பாகத்தைப் போன வருடம் 900 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவரிடம் வங்கி அட்டை கிடையாது. கொமியூனிகேஷன் கடையில் காசைக் கொடுத்தால், கடைக்காரர் தன் அட்டையால் இணையத்தில் வாங்கிக் கொடுப்பார். இப்போது மூன்று பாகங்களும் ஒரே பொதியாக 2,500 ரூபாய்க்கு வந்திருக்கின்றன. ஆசையோடு போன பிள்ளைக்கு, முதற் பாகம் ஏற்கெனவே இருப்பதால் பொதியை வாங்க முடியாது என்று திரையில் வந்ததாம். மற்ற இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் 3,600 ரூபாய்.

"ஒன்றுமே வாங்காத பக்கத்து லயத்துப் பையனுக்கு மூன்றும் 2,500. என் மகனுக்கு எல்லாமாக 4,500. முந்தி வாங்கினது குற்றமா அக்கா?"

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,350 ரூபாய். மேலதிகமாகப் போகும் அந்த 2,000 ரூபாய், அந்தச் சம்பளத்தில் ஏறக்குறைய ஒன்றரை நாள் கொழுந்து. விளையாட்டுத்தானே என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் மேலும் சொன்னார்: "மீளக் குடியேறினவங்களுக்குச் சுயதொழில் உதவி கொடுத்தப்போ, உங்ககிட்டத்தான் தையல் மெசின் இருக்கேன்னு என் பேரை வெட்டினாங்க. தவணைக்கு வாங்கின பழைய மெசின் அது. இப்ப பிள்ளைக்கும் அதே கதை."

இந்தக் கதை லுணுகலையில் மட்டும் நடப்பதல்ல. 2007இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் "ஒரேஞ்ச் பொக்ஸ்" என்ற ஐந்து விளையாட்டுகள் கொண்ட பொதியை வெளியிட்டது. அதில் இரண்டு பழையவை, மூன்று புதியவை. பழையவற்றை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்காக, புதிய மூன்றும் மட்டும் கொண்ட "பிளாக் பொக்ஸ்" ஒன்றும் வரும் என்று முதலில் அறிவித்திருந்தார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள். பழைய வாடிக்கையாளரும் ஐந்தையும் வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்நிறுவனத்தின் இணையக் கடையான ஸ்டீமில், இரண்டாவது தடவையாக வந்த பிரதிகளை நண்பர் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க இடம் வைத்தார்கள். கொடுத்த காசு முற்றாக வீணாகவில்லை.

இன்று அதே ஸ்டீமில் இரண்டு வகைப் பொதிகள் உண்டு. ஒன்றில், உங்களிடம் இருப்பதைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் கழிவு விலையில் காசு எடுப்பார்கள். மற்றதில் கழிப்பதில்லை. உங்களிடம் என்ன இருந்தாலும் ஒரே விலைதான். ஆகவே கழித்து விற்பது முடியாத காரியமல்ல. விற்பவர் மனம் வைத்தால் செய்யலாம்.

கணினி விளையாட்டை வாங்குவது சட்டி பானை வாங்குவது போலல்ல என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். நமக்குக் கிடைப்பது பாவிப்பதற்கான அனுமதி மாத்திரமே. அதை அடுத்தவருக்கு விற்கவோ மாற்றவோ பெரும்பாலும் முடியாது. இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது.

பிள்ளைகள் கேட்கும்போது நாம் செய்யக்கூடியவை சில:

தொடராக வரும் விளையாட்டா என்று முதலில் விசாரியுங்கள். அப்படியானால் தனியாக ஒரு பாகத்தை வாங்க அவசரப்படாதீர்கள். பொதிகள் பெரும்பாலும் பிந்தித்தான் மலிவாக வரும்.

இருப்பதைக் கழிக்கும் பொதியா, கழிக்காததா என்று காசு கட்டுமுன் பார்க்கச் சொல்லுங்கள்.

வேறு பெயரில் புதுக் கணக்குத் திறந்து பொதியை வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி வாங்கினால் பழைய கணக்கில் உள்ளவை அங்கேயே தங்கிவிடும். முதலில் கொடுத்த காசும் திரும்பாது.

மாறி வாங்கிவிட்டால் தாமதிக்க வேண்டாம். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், காசைத் திருப்பிக் கேட்கலாம். அந்தக் காசு கடைக்காரரின் அட்டைக்கே போகக்கூடும். ஆகையால் அவரிடம் பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது அவர் கடமை.

உள்ளூர்க் கடையில் ஏமாற்றப்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. வெளிநாட்டு இணையக் கடையை இங்கிருந்து பிடிப்பது கடினம். அங்கே நமக்கிருக்கும் காவல், வாங்குமுன் கேட்கும் கேள்விதான்.

அந்தச் சகோதரியின் மகன் இப்போதைக்கு மற்றப் பாகங்களை வாங்கவில்லை. இருப்பதைக் கழித்துத் தரும்படி, ரியூஷன் அக்காவின் உதவியோடு அந்தக் கடைக்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. "இனி எதையும் முந்தி வாங்க மாட்டேன் அம்மா" என்கிறானாம். நம்பி முதலில் காசு கொடுத்த பிள்ளை இப்படிச் சொல்வதுதான் அந்தத் தாய்க்கு 2,000 ரூபாயை விடப் பெரிய கவலை.

"நீ வாங்கினது பிழையில்லை மகன், அவர்கள் விற்கிற விதம்தான் பிழை" என்று அவனிடம் சொல்லும்படி கூறிவிட்டு பஸ் ஏறினேன். உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லுங்கள். கேள்வி கேட்கவும் பழக்குங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.